பிழையற்ற பிழை

சென்ற தவணை முடியுந் தறுவாயில் ஒரு நாள். பிற்பகல் வேளை. இலக்கண வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இலக்கியத்தை அளக்குங் கோல் இலக்கணம் என்று, பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதையே அன்றுஞ் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, அந்தக் கோல் சரியோ பிழையோ என்பதை எதனைக் கொண்டு அளப்பது?”

வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்தேன். அவ்வேளை மணி அடித்தது, நான் தப்பினேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. வீதியில் என்னுடன் நடந்து வந்தது. இரவு விளக்கடியில் எதிரே வந்து அமர்ந்தது.

விடை தேடியபோது என் நினைவுக்கு வந்தது இலக்கண நூல் அன்று. ஓர் ஆடியின் வரலாறு. மனிதர் தேய்த்த பேராடிகளுள் மிக நுண்ணிதாகத் தேய்க்கப்பட்டவற்றுள் அது ஒன்று. பிழையாகத் தேய்க்கப்பட்ட ஆடியும் அதுவே. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரண் அல்லவோ என்பீர்கள். முரண் அன்று. அஃது எவ்வாறு முரண் ஆகாதாயிற்று என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

தமிழ்ப் பண்டிதனுக்கு ஆடித் தொழிலில் என்ன அலுவல் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் ஐம்பது வயது கடந்தவன். மூக்குக்கண்ணாடி இன்றி ஒரு வரியும் படிக்க மாட்டாதவன். இரண்டு சிறு வில்லைகளின் தயவிலேயே என் கல்வி நடைபெறுகின்றது. முகமறியாத யாரோ ஒரு தொழிலாளி அவ்வில்லைகளை எனக்காகத் தேய்த்திருக்கின்றான். உண்டவன் சமைத்தவனை விசாரிப்பது போல, அத்தொழிலைப் பற்றிச் சில காலமாக விசாரித்து வருகின்றேன். அவ்வளவே.

தேய்த்தலும் சோதித்தலும்

ஒளியை ஊடுசெல்ல விட்டு வளைப்பது வில்லை; ஒளியைத் திருப்பி அனுப்புவது ஆடி. இரண்டும் பிறக்கும் முறை ஒன்றே. வட்டமான கண்ணாடித் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே குருந்தப் பொடியும் நீரும் இட்டு, முன்னும் பின்னுமாகத் தேய்க்கின்றார்கள். தேய்க்கத் தேய்க்க மேலுள்ளது குழிகின்றது, கீழுள்ளது குவிகின்றது. தேய்ப்பவன் இடம் மாறி மாறி நின்று, கண்ணாடியையும் திருப்பித் திருப்பித் தேய்ப்பானாயின், இரு முகங்களும் எப்பக்கம் திருப்பினாலும் பொருந்துவனவாக அமையும். எப்பக்கம் திருப்பினும் பொருந்தும் வளைவு கோளத்தின் வளைவு ஒன்றேயாம். ஆதலாற் கோள வடிவம், பொறுமையுள்ள கைக்கு இயற்கை அளிக்குங் கொடை.

குருந்தம் என்ற சொல்லைத் தாண்டிச் செல்ல என் மனம் ஒருப்படவில்லை. ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என வழங்குஞ் சொல் நம் குருந்தத்திலிருந்து சென்றது என்பர் அகராதி நூலார். இரத்தினபுரி மண்ணில் எடுக்கப்படும் நீலமும் குருந்தத்தின் இனமே. கல்லை அறுக்கும் வன்மையும் கண்ணைக் கவரும் அழகும் ஒரே பொருளில் அமைந்தமை வியக்கத்தக்கது.

பரும்பொடி, நடுப்பொடி, நுண்பொடி என முறையே மாற்றித் தேய்த்தபின் மெருகிடுதல் தொடங்கும். இதற்குக் கீல் பூசிய பலகை வேண்டும். கீல் என்பது தாரையும் பிசினையும் போன்ற பொருள். தொட்டாற் கல், விட்டு வைத்தால் மெழுகு. மெல்ல மெல்லத் தானே கண்ணாடியின் வளைவுக்கு இசைந்துகொள்ளும். நியூற்றன் தம் கையால் தொலைநோக்கி செய்தபோது உலோக ஆடியை மெருகிட்டதும் கீலின் துணை கொண்டே. செந்நிற இரும்புப் பொடியோ சீரியம் என்னும் உலோகத்தின் பொடியோ அக்கீலிற் பதிந்து நின்று, கண்ணாடியை அணுவணுவாகத் துடைக்கின்றது.

இவ்வளவிற் கோளம் கிடைத்துவிடும். ஆனால், விண்மீனைப் பார்க்குந் தொலைநோக்கிக்குக் கோளம் போதாது. கோள ஆடியின் ஓரத்திற் பட்ட கதிர் ஓரிடத்திலும், நடுவிற் பட்ட கதிர் சற்று அப்பாலும் குவியும். ஒரு புள்ளியாய்த் தோன்ற வேண்டிய விண்மீன் புகைபோலப் பரந்து தோன்றும். இக்குற்றத்தைக் கோளப் பிறழ்ச்சி என்பர். இது நீங்க வேண்டுமாயின் ஆடியைக் கோளத்திலிருந்து சிறிதே விலக்கி, பரவளைவாகவோ அதிபரவளைவாகவோ ஆக்குதல் வேண்டும். இவ்விலக்கம் கண்ணுக்குத் தெரியாதது, விரலுக்குப் புலப்படாதது. இங்கே இயற்கையின் கொடை முடிகின்றது; மனிதனின் பொறுப்புத் தொடங்குகின்றது.

காணமுடியாத ஒன்றைக் கை எவ்வாறு திருத்தும்? இதுவே இத்தொழிலின் உயிர் வினா. பிரான்சு தேசத்து விஞ்ஞானி லியோன் பூக்கோ, 1850களின் இறுதியில் இதற்கு ஓர் அற்புதமான விடை கண்டார். பூமி சுழல்வதை 1851 இல் ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டுக் காட்டியவரும் அவரே. ஆடியின் எதிரே, அதன் வளைவு மையத்தில், ஊசித்துளை வழியே வரும் ஒளியை வைத்தார். ஆடி திருப்பி அனுப்பிய ஒளி குவியும் இடத்தில் ஒரு கத்தியின் விளிம்பை மெல்ல நுழைத்தார். ஆடியில் அலைநீளத்தின் சிறு பின்னமளவு மேடோ பள்ளமோ இருப்பினும் அது நிழலும் ஒளியுமாய், மலையும் மடுவுமாய் விரிந்து தோன்றிற்று. ஒரு விளக்கு, ஒரு துளை, ஒரு கத்தி. இவற்றுக்கு மேல் எதுவும் இல்லை. இன்றுந் தம் வீட்டு மூலையிலிருந்து ஆடி தேய்க்கும் ஆர்வலர் பலர்க்கு இதுவே துணை.

பின்னாளில் ஒளியலைகளையே அளவுகோலாக்கும் தலையீட்டுமானிகள் வந்தன. பச்சை ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்களவு. அதனினுஞ் சிறு பின்னங்களை இக்கருவிகள் கருங்கோடுகளாகவும் வெண்கோடுகளாகவும் வரைந்து காட்டும். தேய்ப்பவன் கோட்டைப் பார்க்கின்றான், தேய்க்கின்றான், மீண்டும் பார்க்கின்றான். இத்தொழிலில் தேய்த்தல் பாதி, சோதித்தல் பாதி. அன்று, சோதித்தலே முக்காற் பங்கு என்றாலும் மிகையாகாது. சோதனை எவ்வளவு காட்டுகின்றதோ, அவ்வளவே கை திருத்தும்.

வான்செல்ல இருந்த ஆடி

இனி நான் சொல்ல வந்த ஆடிக்கு வருகின்றேன். எட்வின் ஹபிள் என்னும் வானியலறிஞர் பெயராற் செய்யப்பட்ட விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடி அது. விட்டம் 2.4 மீற்றர். வெப்பத்தால் விரியாத கண்ணாடியிலானது. பாரத்தைக் குறைக்கும் பொருட்டு, மேலுங் கீழுமாக இரு தட்டுகளும் நடுவே தேன்கூடு போன்ற கட்டமைப்பும் உடையது. அவ்வாறு குறைத்தும் நிறை 800 கிலோகிராமுக்கு மேல்.

இதனைத் தேய்க்கும் பொறுப்பை அமெரிக்காவின் கொனெற்றிக்கற் மாநிலத்திலிருந்த பேர்க்கின்-எல்மர் நிறுவனம் ஏற்றது. தன் பாரத்தால் ஆடி சிறிதும் வளையாதிருக்கும் பொருட்டு, நூற்றுக்கு மேற்பட்ட தண்டுகளின் நுனியில் அதனைத் தாங்கினார்கள். விண்ணிற் பாரமற்றுக் கிடக்கப்போகும் பொருளை மண்ணில் அவ்வாறே கிடத்தினார்கள். கணனி ஏவலுக்கு அடங்கிய பொறி ஒன்று சிறு மெருகுப் பட்டையைச் சுழற்றி, குறித்த இடத்தில், குறித்த நேரம், குறித்த அளவு தேய்த்தது. 1981 இல் வேலை முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அலுமினியப் பூச்சும் இடப்பட்டது.

மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பு? வேண்டிய வளைவிலிருந்து மேடுபள்ளங்கள் ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்களவே விலகலாம் என்பது விதி. அதனை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குச் செய்து பார்த்தேன். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திர முனை வரை இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். அந்த ஆடியை அவ்வளவு அகலமுடையதாகப் பெருக்கினால், அதில் இருக்கத்தகும் மேடு 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு நெல்மணியின் தடிப்பளவு! நாடு முழுவதும் ஒரு முற்றமாகி, அம்முற்றத்தில் ஒரு நெல்மணி மட்டும் உயர்ந்து கிடந்தால் எப்படியோ அப்படி.

இவ்வளவு நுட்பமாகத் தேய்த்த ஆடிதான் பிழைத்தது.

கோலுக்கு இட்ட தொப்பி

முன்னரே சொன்னேன்: இவ்வாடி கோள வடிவினது அன்று; அதிபரவளைவு. கோளமாக இருந்திருப்பின், வளைவு மையத்திலிருந்து விட்ட ஒளி அவ்விடத்திலேயே திரும்பக் குவியும், சோதிப்பது எளிது. அதிபரவளைவில் ஒளி அவ்வாறு ஒரு புள்ளியிற் குவியாது. ஆதலால் ஓர் உபாயஞ் செய்தார்கள். ஆடி சரியாக இருக்குமாயின் ஒளியில் எவ்வளவு விலகல் உண்டாகுமோ, அவ்வளவு விலகலை எதிர்த்திசையில் முன்கூட்டியே உண்டாக்கும் ஒரு துணைக்கருவியை இடையே வைத்தார்கள். இதனை ஈடுசெய் கருவி என்று இங்கே வழங்குவோம். ஒரு விலகலும் மற்ற விலகலும் கழிந்து சூனியமாகும். கழிந்தாற் கோடுகள் நேராகத் தெரியும். கோடுகள் நேராகும் வரை ஆடியைத் தேய்க்க வேண்டும். அவ்வளவே முறை.

சற்றுச் சிந்தியுங்கள். இம்முறையில் ஆடிக்கு வடிவங் கொடுப்பது யார்? தேய்ப்பவன் அல்லன், ஈடுசெய் கருவியே. அக்கருவி சரியாயின் ஆடி சரி. அது பிழையாயின், கோடுகள் எத்துணை நேராகின்றனவோ அத்துணை நிச்சயமாக ஆடி பிழைக்கும்.

இரண்டு சிறு ஆடிகளும் ஒரு சிறு வில்லையும் கொண்டது அவ்வீடுசெய் கருவி. அவை ஒன்றுக்கொன்று மிகச் சரியான தூரத்தில் நிற்றல் வேண்டும். அத்தூரத்தை அளப்பதற்கு வெப்பத்தால் நீளாத ‘இன்வார்’ உலோகக் கலவையிலே கோல்கள் செய்தார்கள். கோலின் நுனியை லேசர் ஒளியாற் பார்த்து நிலையறிவது முறை. ஒளி நுனியின் நட்டநடுவிலே படவேண்டும் என்பதற்காக, கோலின் தலையில் ஒரு தொப்பியை இட்டு, அதன் நடுவே ஒரு துளை வைத்தார்கள். தொப்பியின் மேற்புறம் ஒளியைத் திருப்பாதிருக்க அதற்குக் கருமையான பூச்சும் பூசினார்கள்.

துளையின் அருகே அப்பூச்சில் ஒரு துளி உதிர்ந்திருந்தது.

ஒளி துளைக்குள் இறங்கிக் கோலின் நுனியைத் தொடவில்லை. உதிர்ந்த இடத்திற் பட்டுத் தொப்பியிலிருந்தே திரும்பிவிட்டது. பார்த்தவர்கள் அதனைக் கோலின் நுனியென்றே கொண்டார்கள். தொப்பிக்கும் நுனிக்கும் இடையே இருந்த தூரம் 1.3 மில்லிமீற்றர். அவ்வளவு தூரம் வில்லை இடம் மாறி நின்றது. வில்லையைப் பிழையான நிலைக்குக் கொண்டுவரத் தாங்கியில் இடம் போதவில்லை. சாதாரண உலோக வளையங்களைச் செருகி இடம் உண்டாக்கினார்கள். கருவியே ‘இது நெறியன்று’ என்று முணுமுணுத்த இடம் அது. கேட்பாரில்லை.

கோல் பிழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கோல் சரியானதே. அளந்தவரும் அசட்டையாக அளக்கவில்லை. கோலை அளப்பதாக எண்ணிக்கொண்டு, கோலின் தொப்பியை அளந்தார்கள். என் மாணவனின் வினாவுக்கு இவ்விடத்திலேதான் முதல் வெளிச்சங் கண்டேன்.

தள்ளப்பட்ட இரு சாட்சிகள்

ஆடியின் ஓரம், வேண்டிய அளவிலும் ஏறத்தாழ 0.0022 மில்லிமீற்றர் தாழ்ந்துபோயிற்று. மனித மயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்களவே. ஆனால் முன்செய்த கணக்கை நினைவுகூருங்கள். நெல்மணி கிடக்கவும் இடங்கொடாத முற்றத்தின் ஓரம் ஏறத்தாழ ஒரு முழம் இறங்கிவிட்டது.

இதனைக் காட்டுதற்கு வேறு சாட்சி இல்லையோ என்றால், இருந்தது. ஒன்றன்று, இரண்டு.

ஆடிகளுக்குப் பதிலாக வில்லைகளைக் கொண்ட, பழைய முறையிலமைந்த மற்றோர் ஈடுசெய் கருவி அங்கே இருந்தது. முடிந்த ஆடியின் நடுப்பகுதி வளைவை அளப்பதற்கு 1981 இல் அதனைப் பயன்படுத்தியபோது, கோளப் பிறழ்ச்சி தெளிவாகத் தோன்றிற்று. இன்னும், ஈடுசெய் கருவியையே சோதிப்பதற்கென அமைந்த மூன்றாங் கருவி ஒன்றும் இருந்தது. அதுவும் கோடுகளை வளைத்துக் காட்டிற்று.

இரு சாட்சிகளும் ஒரே குற்றத்தைச் சொன்னார்கள். பொறுப்பாளர் என்ன செய்தார்கள்? புதிய கருவியே மிக நுட்பமானது. மற்றையவை நுட்பத்திற் குறைந்தவை. குறைந்தவை சொல்வதைக் கொண்டு உயர்ந்ததை ஐயுறுதல் கூடாது என்று தள்ளிவிட்டார்கள். இரு பழைய கருவிகளும் பிழை என்று முடிவாயிற்று.

நுட்பம் வேறு, உண்மை வேறு. மயிரிழையையும் பிரித்துக் காட்டும் தராசு, தட்டின் அடியில் ஒரு கல் ஒட்டியிருந்தால், மயிரிழை பிசகாமற் பொய் சொல்லும். சந்தையிலுள்ள பழந்தராசு ஓரிரு அவுன்சு தடுமாறினும், கல் ஒட்டியிருப்பதைக் காட்டிவிடும். பெரும்பிழையைக் காண்பதற்கு நுண்கருவி வேண்டுவதில்லை. வேறு கருவி வேண்டும்.

முழுத் தொலைநோக்கியையும் ஒன்றாகப் பூட்டி, ஒளியைச் செலுத்திச் சோதிக்கும் இறுதிச் சோதனையும் செய்யப்படவில்லை. செலவு மிகும் என்று விட்டார்கள். வேலை பிந்தியிருந்தது, பணம் முடைப்பட்டிருந்தது. அவசரமும் முடையும் சாட்சிகளை விசாரிக்க இடந்தருவதில்லை.

இதே காலத்தில் ஈஸ்ற்மன் கொடாக் நிறுவனம் வேறு முறையிற் சோதித்து மற்றோர் ஆடியையும் துணைக்காகத் தேய்த்திருந்தது. அவ்வாடி விண்ணுக்குச் செல்லவில்லை. பின்னர் வாஷிங்ரனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

வானத்தில் வெளிப்பட்டது

1990 ஏப்ரல் 24 இல் தொலைநோக்கி விண்ணுக்குச் சென்றது. மே 20 இல் முதற் படம் வந்தது. ஜூன் 27 இல், முதன்மை ஆடியிற் கோளப் பிறழ்ச்சி உள்ளதென உலகுக்கு அறிவிக்க நேர்ந்தது. விண்மீன் ஒன்றிலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கு மிகச் சிறு வட்டமொன்றினுள் அடங்க வேண்டியிருந்தது. அடங்கியது ஏறத்தாழ 15 பங்கு. மிகுதி சிலந்திவலை போலச் சுற்றிலும் பரந்தது. 150 கோடி டொலர் அளவிற் செலவான கருவி நகைப்புக்கு இடமாயிற்று.

லூ அலன் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அவர்கள் ஆடி தேய்த்த இடத்துக்குச் சென்றபோது, அந்த ஈடுசெய் கருவி கலைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அளந்தார்கள், 1.3 மில்லிமீற்றர் வெளிப்பட்டது. ஒன்பது ஆண்டுகளாகக் குற்றம் தன் இடத்திலேயே தனக்குச் சாட்சியாய்க் காத்திருந்தது. வானத்துப் படங்களிலிருந்து கணித்த பிழையும், மண்ணிற் கிடந்த கருவியிலிருந்து கணித்த பிழையும் இசைந்தன.

இனி வருவதுதான் இவ்வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட பகுதி.

ஆடியை மண்ணுக்குக் கொணர்ந்து மீண்டுந் தேய்த்தல் ஆகாத காரியம். ஆனால், அப்பிழை எப்படிப்பட்டது? இங்கொரு மேடு அங்கொரு பள்ளமென்று தாறுமாறானது அன்று. ஆடி முழுவதும் ஒரே ஒழுங்கில், ஒரே சீராக, மிக்க நுட்பத்துடன் செய்யப்பட்ட பிழை. ஆடியின் வளைவைக் குறிக்கும் எண் −1.0023 ஆக இருக்கவேண்டியது −1.0139 ஆகிவிட்டது, ஏனைய எல்லாம் செம்மை. பிழையற்ற பிழை என்று நான் தலைப்பிட்டது இதனாலேதான். அவ்வளவு செம்மையான பிழையை எதிர்ப்பிழையொன்றாற் செம்மையாகவே கழித்துவிடலாமன்றோ?

அவ்வாறே செய்தார்கள். காசளவான சிறு ஆடிகள் பத்தினை, எதிர்வளைவு கொடுத்துத் தேய்த்தார்கள். அவற்றைச் சிறு கைகளிற் பொருத்தி, ‘கொஸ்ரார்’ என்ற பெட்டிக்குள் அடக்கினார்கள். ஒளிவழியில் அக்கைகளை எவ்வாறு நீட்டுவது என்று மயங்கியிருந்தபோது, ஜேம்ஸ் குரொக்கர் என்ற பொறியியலாளர் ஜெர்மனியில் ஒரு விடுதிக் குளியலறையில், கம்பியில் ஏற்றி இறக்கத்தக்க நீர்த்தூவியைக் கண்டு வழியறிந்தார் என்பர். புதிய படக்கருவி ஒன்றுக்கு அதன் உள்ளாடிகளிலேயே திருத்தம் அமைத்தார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, ஐந்து நாள்கள் வெட்டவெளியில் இறங்கி உழைத்து இவற்றைப் பூட்டினார்கள். 1994 ஜனவரியில் வெளியான படங்களில் விண்மீன்கள் புள்ளிகளாய் நின்றன.

பின்னர் வைத்த கருவிகள் யாவும் தத்தம் திருத்தத்துடனேயே செய்யப்பட்டன. வேலையற்றுப்போன கொஸ்ரார் 2009 இல் மண்ணுக்கு மீண்டது. ஆனால் ஆடி? ஆடியை எவரும் திருத்தவில்லை. அது அன்று பிழைத்தபடியேதான் இருக்கின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தை வியக்கவைத்த படங்கள் அனைத்தும் பிழையான ஆடியினின்றும், அப்பிழையை அறிந்து அமைத்த மூக்குக்கண்ணாடியினூடாக வந்தவை. பிழையைத் தெரிந்துகொண்டவனுக்குப் பிழையுந் துணையாகும். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து இவ்வரிகளை எழுதுகின்றேன்.

ஆசிரியத் தொழிலிலும் இஃது உண்மை. ஒரே வகைப் பிழையை எப்போதும் ஒரே விதமாகச் செய்யும் மாணவனை ஒரு நாளிலே திருத்திவிடலாம். அவன் உள்ளே ஒரு விதி இருக்கின்றது, அவ்விதி சற்று இடம் மாறி நிற்கின்றது, அவ்வளவே.

என் தொப்பி

இவ்வளவுஞ் சொன்னபின் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாதிருத்தல் நேர்மையாகாது.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பழைய செய்யுளொன்றைப் பாடஞ் சொன்னேன். என் கையில் இருந்தது நல்ல பதிப்பு. தடித்த அட்டை, தெளிந்த அச்சு, பெரியாரொருவர் பரிசோதித்தது. ஒரு மாணவன் எழுந்து, தன் பேரனார் ஏட்டைப் பார்த்து எழுதிய கொப்பியில் அவ்விடத்திற் குறிலுக்கு நெடில் இருக்கின்றது என்றான். அந்தக் கொப்பியையும் நீட்டினான். கறையான் தின்று, மை கலங்கி, பக்கங்கள் உதிர்ந்த கொப்பி. நான் அதனைத் திறந்தும் பார்க்கவில்லை.

“அச்சில் இல்லாதது கொப்பியில் எப்படி வரும்? இரும்” என்றேன்.

இருந்தான். அதன்பின் என் வகுப்பில் அவன் ஒரு வினாவுங் கேட்கவில்லை.

ஏட்டில் எழுதினோர் மெய்க்கும் குறிலுக்கும் புள்ளியிடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரு வடிவாகவே நிற்கும். படிப்பவன்தான் பொருள் நோக்கிக் கொள்ளவேண்டும். இதனை நான் மாணவர்களுக்குப் பல முறை சொன்னதுண்டு. சொன்னவன் எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், வேறு ஏடுகளைக் கொண்டு எழுந்த மற்றொரு பதிப்பைக் கண்டேன். அங்கே நெடிலே இருந்தது. பொருளும் அதனாலேயே சிறந்தது. அழகிய பதிப்பை நான் கோலென்று கருதினேன். நான் பார்த்தது அதன் தொப்பியை.

டன்பரி நகரத்திலே தள்ளப்பட்ட பழங்கருவிகளுக்கும் அந்தக் கறையான் தின்ற கொப்பிக்கும் பேதம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கருவிகள் தள்ளப்பட்டாலும் மனம் நோவதில்லை. மாணவன் நோவான்.

ஹபிளுக்குப் பின் வந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 18 துண்டுகளாலானது, 6.5 மீற்றர் அகலமுடையது. 2021 டிசம்பர் 25 இல் விண்ணேறியது. அதற்கு முன், 2017 இல், ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரத்திலே பெருங்குளிர்ச் சூனிய அறைக்குள் அதன் ஆடிகளையும் கருவிகளையும் ஒன்றாகப் பூட்டிவைத்து, நூறு நாள் அளவிற் சோதித்தார்கள். வெளியே பெரும்புயல் வீசி ஊர் வெள்ளத்தில் மூழ்கியபோதும் சோதனையை நிறுத்தவில்லை. அன்று செலவென்று விட்ட சாட்சியை, இன்று செலவு பாராது அழைத்துக் கேட்டார்கள். தவறு செய்தோர் கற்றுக்கொண்டனர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அடுத்த தவணை தொடங்கும்போது அப்பின்வரிசை மாணவனை எழுப்பி விடை சொல்லப்போகின்றேன். தம்பி, கோலை அளப்பது மற்றொரு கோல். அது முதற்கோலினும் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. வேறு கையாற் செய்யப்பட்டதாக இருந்தாற் போதும். இரண்டும் மாறுபட்டால், எது பெரிது என்று கேளாதே. ஏன் மாறுபட்டன என்று கேள். இலக்கணத்தை இலக்கியத்தால் அள. இலக்கியத்தை இலக்கணத்தால் அள. என்னை உன் வினாவால் அள.

அந்தப் பழைய பதிப்பு இன்றும் என் மேசையில் இருக்கின்றது. அவ்விடத்தின் ஓரத்திற் சிவப்பு மையால் நெடிலை எழுதி, அதன் கீழே, கொப்பியை நீட்டிய அந்த மாணவனின் பெயரையும் எழுதி வைத்திருக்கின்றேன்.